முப்பத்தொன்றாம் மேசையில் வெளிச்சம் இல்லை

மேசையின் நடுவில் ஒயர் விடுவதற்கென்று ஒரு ஓட்டை இருந்தது. அதில் அவள் தன் லேப்டாப்பின் சார்ஜர் ஒயரை விட்டாள். விட்ட ஒயரைக் கீழே இருந்து யாரோ இழுத்தார்கள்.

அவள் மேலே இழுத்தாள். அது கீழே போயிற்று. மறுபடி இழுத்தாள். மறுபடியும் போயிற்று.

"ஹலோ… யாருங்க அது கீழே?"

"விடுங்க மேடம், விடுங்க! இது எந்தக் காலத்து ஒயர்? இதுக்கு இங்க இடமே இல்ல."

மேசைக்கு அடியிலிருந்து முதலில் ஒரு கை வந்தது. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அப்புறம் தலை வந்தது. முடியெல்லாம் புது மேசையின் மரத்தூள். அப்புறம்… கண்கள்.

அந்தக் கண்களைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பெரிய கண்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாய் சிரிப்பதற்கு அரை நிமிடம் முன்னாலேயே சிரிக்கத் தொடங்கிவிடுகிற ஜாதி. திட்ட வந்தவர்கள் பாதியில் வார்த்தையைத் தொலைத்துவிடுவார்கள். அவளும் தொலைத்தாள்.

அவன் கதி மட்டும் என்னவாம்? எதிரே மழையில் நனைந்து வந்த ஒருத்தி. நெற்றியில் ஒட்டிய முடி. மூக்கு நுனியில் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ஒரு துளி. அவன் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது விழுந்தது… அவன் கைமேல்.

"கரண்ட் இருக்கிற இடம் மேடம். தண்ணி ஆகாது."

"அப்போ மழையை நிறுத்தச் சொல்லுங்க. நீங்கதானே இங்க எல்லாத்தையும் மாட்டுறவர்?"

மாட்டுகிறவன்தான். அலுவலகத்தின் கணினிப் பிரிவில் அவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். அலுவலகமும் அன்றுதான் இந்தப் புதுக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. நாற்பது மேசைகள். யாருக்கும் சொந்த மேசை கிடையாது. நாளைக்கு எந்த மேசை வேண்டும் என்று முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஃபோனில் பதிவு செய்துவிட வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெரிய திரை, கீபோர்டு, மவுஸ். கூடவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. டாக்கிங் ஸ்டேஷன் என்பது அதன் முழுப்பெயர். எல்லோரும் 'டாக்' என்றே கூப்பிட்டார்கள். அதிலிருந்து நீளும் ஒற்றை ஒயரை லேப்டாப்பில் செருகினால் போதும். திரையில் படம், கீபோர்டு, நெட், கரண்ட் எல்லாம் ஒன்றாக வந்துவிடும்.

எல்லோருக்கும் வந்தது. அவளுக்கு மட்டும் வரவில்லை.

அவன் அவள் லேப்டாப்பைத் தூக்கி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இந்த ஒயருக்கான ஓட்டையே இதுல இல்லையே. எத்தனை வருஷமாச்சு மேடம்?"

"ஏழு."

"ஏழா! அப்போ இது லேப்டாப் இல்ல மேடம்… தாத்தா."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "தாத்தாவா? இந்தத் தாத்தாகிட்டதான் சார் என் ஏழு வருஷ வேலை இருக்கு. நீங்க கொண்டுவந்து வெச்சிருக்கிற பெட்டிக்கு வயசானவங்களை மதிக்கத் தெரியல. அதைச் சொல்லுங்க முதல்ல!"

அவள் வேலை வரைபடம் வரைவது. கண்ணால் பார்க்கும் வரைபடம் இல்லை, விரலால் தொட்டுப் படிக்கும் வரைபடம். சுவர் என்றால் புடைத்த கோடு, கதவு என்றால் இடைவெளி, படிக்கட்டு என்றால் வரிசையாகப் புள்ளிகள். பார்வையில்லாத ஒருவர் ஒரு கட்டடத்துக்குள் நுழையும் முன்பே அதை விரல் நுனியில் தெரிந்துகொள்ளலாம். அதை வரைகிற ப்ரோக்ராம் அந்தப் பழைய லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும். புதியதில் ஏற்றிப் பார்த்தார்கள், ஏறவில்லை. அதைச் செய்தவர்கள் கடையை மூடிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆகிறது.

இப்போது அவள் கையில் இருந்தது ஒரு புதிய மருத்துவமனையின் வரைபடம். ஐந்து மாடி, எட்டு மாத உழைப்பு. இன்னும் மூன்றே வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, மருத்துவமனைக்காரர்கள் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள். பிடித்திருந்தால் வாசலிலேயே வைப்பார்கள். லேப்டாப் போனால் வரைபடமும் போச்சு.

இத்தனையையும் அவள் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். அவன் கடைசியில் லேப்டாப்பை இரண்டு கையாலும் மெதுவாக மேசைமேல் வைத்தான்.

"மன்னிச்சுக்குங்க மேடம். தாத்தா இல்ல… பெரியவர்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வருவது எவ்வளவு பெரிய அவஸ்தை! உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே மழை கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவன் தன் பையைக் குடைந்து, கட்டைவிரல் அளவில் ஒரு அடாப்டரை எடுத்தான். டாக்கின் ஒயரை அதில் செருகி, அதன் மறுமுனையை லேப்டாப்பில் செருகினான். கீபோர்டில் விளக்கு எரிந்தது. மவுஸ் நகர்ந்தது. பெரிய திரை மட்டும் கறுப்பாகவே நின்றது.

"திரை ரிப்பேர்!" என்றாள் அவள், தீர்ப்பு சொல்வது போல.

"திரை மேல பழி போடாதீங்க. பெரியவரோட இந்த ஓட்டை வழியா எழுத்து போகும், நெட் வரும்… படம் போகாது. கரண்டும் வராது. படத்துக்கு அவர்கிட்ட தனி வழி இருக்கு." இன்னொரு ஒயரை எடுத்து லேப்டாப்பிலிருந்து நேராகத் திரைக்கே கொடுத்தான். திரைக்குப் பின்னால் கையை விட்டு எதையோ அழுத்தினான். "கரண்டுக்கு உங்க பழைய சார்ஜர். ஆக மொத்தம் மூணு."

"எல்லாருக்கும் ஒரு ஒயர்… எனக்கு மட்டும் மூணா?"

"புதுசுங்களுக்கு ஒண்ணு போதும். பெரியவங்ககிட்ட ஒவ்வொண்ணாத்தான் கேட்டு வாங்கணும் மேடம்."

திரையில் படம் வந்தது. ஐந்து மாடி மருத்துவமனையும் பளிச்சென்று விரிந்தது. அவள் கண்களும் விரிந்தன. அவன் திரையைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்து வைத்துக்கொள்வோம்.

"நாளைக்கு நான் வேற மேசையில உட்கார்ந்தா?"

அவன் ஒரு நொடி யோசித்தான். "எந்த மேசை போட்டாலும் இந்த ரெண்டு முனையும் அங்க இருக்கும். மூணாவது உங்க பையில இருக்கிற சார்ஜர். நீங்க செருகினா போதும்."

சொன்னபடியே இருந்தது. மறுநாள் அவள் ஏழாம் மேசைக்குப் போனாள். இடது பக்கம், நீல டேப் சுற்றிய இரண்டு முனைகள் அவளுக்காகக் காத்திருந்தன. அதற்கு மறுநாள் இருபத்திரண்டாம் மேசை. அங்கேயும் அதே நீல டேப். அவள் தினம் மேசை மாற்றுவதற்குக் காரணம் உண்டு. அச்சான தாளைச் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தப் புள்ளி புடைத்திருக்கிறது, எது அமுங்கிப்போயிருக்கிறது என்று தெரியும். வெயில் அடித்தால் ஒரு ஜன்னல், மழை பெய்தால் வேறொரு ஜன்னல்.

"நாற்பது மேசையிலயும் எனக்காக ஒயர் மாட்டிட்டாங்க தெரியுமா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள். மற்ற மேசைகளை ஒருமுறையாவது எட்டிப் பார்த்தாளா? பார்க்கவில்லை. இருக்கும் என்று சொன்னான், இருந்தது, அவ்வளவுதான்.

தினமும் பத்து மணி சுமாருக்கு அவன் அந்தப் பக்கம் வருவான்.

"பெரியவர் நலமா?"

"நலம். உங்களைத்தான் விசாரிச்சார்."

"என்ன சொன்னார்?"

"தாத்தான்னு சொன்ன பையன் இன்னும் வேலையிலதான் இருக்கானான்னு கேட்டார்."

ஒரு நாள் அவன் வந்தபோது அவள் புடைத்த தாளை அவன் முன்னால் நகர்த்தினாள். "கண்ணை மூடிக்குங்க. இதுதான் வாசல். இங்கேர்ந்து மருந்து கொடுக்கிற இடத்துக்குப் போங்க பார்க்கலாம்."

அவன் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடினான். சுட்டுவிரல் கிளம்பியது. இரண்டு அங்குலம் நேராகப் போய்த் தடுமாறி நின்றது.

"சுவத்துல முட்டிட்டீங்க சார்."

"வலிக்குது மேடம்."

"வலிக்கும். இப்படி வாங்க…" என்று அவன் விரல் நுனியைப் பிடித்துக் கதவு இடைவெளியில் கொண்டுபோய் வைத்தாள். பிடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. வெடுக்கென்று விட்டுவிட்டாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்… அங்கேயே நின்றிருந்தான்.

ஐயோ, யாராவது பார்த்திருப்பார்களோ? பார்த்தால்தான் என்ன? வரைபடம்தானே காட்டினேன்! அன்று முழுவதும் அவள் மனதுக்குள் இந்த வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

வீட்டில் அண்ணி விட்டுவிடுவாளா? அண்ணன் வேலையிலிருந்து வரும் வரை இருவரும் சமையலறையில் அரட்டை அடிப்பது வழக்கம்.

"என்னடி, பாத்திரத்தைக் கழுவச் சொன்னா தடவிக்கிட்டே நிக்கிறே?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லன்னா இப்படியா சிரிப்பு வரும்? அந்த ஒயர்க்காரரா?"

"ஐயோ அண்ணி! அவர் அவரோட வேலையைச் செய்யுறார். எல்லா மேசையிலயும் மாட்டிட்டார், அதோட முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு ஏன் முகம் வாடுது?"

அவள் ஃபோனை எடுத்து அடுத்த வேலை நாளுக்கான மேசையைப் பதிவு செய்தாள். முப்பத்தொன்று.

முப்பத்தொன்றாம் மேசை சாமான் அறைச் சுவரை ஒட்டி இருந்தது. பக்கத்தில் ஜன்னல் கிடையாது. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். ஆனால் அங்கே உட்கார்ந்து லேசாகத் தலையைத் திருப்பினால் கணினிப் பிரிவின் கண்ணாடிக் கதவு தெரியும். ஜன்னல் மேசைகளில் கண் கூசுகிறது என்று அவள் தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது வாரத் திங்கள் முப்பத்தொன்று, செவ்வாய் முப்பத்தொன்று, புதன் முப்பத்தொன்று.

அந்தப் புதன்கிழமைதான் எல்லாம் கெட்டது.

மதியம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் குத்தியிருந்தது. 'புதிய டாக்குகளோடு சேராத பழைய லேப்டாப்புகள். மாத இறுதிக்குள் திரும்பப் பெறப்படும்.' கீழே பதினோரு எண்கள். முதல் எண் அவளுடையது. அடியில் கையெழுத்து… அவனுடையது.

எண்ணை மறுபடி சரிபார்த்தாள், அவளுடையதேதான். அடுத்த கணமே கோபம் பொங்கியது. நாளைக்கு மருத்துவமனைக்காரர்கள் வரப் போகிறார்கள். ஐந்து மாடியில் இரண்டு மாடிக்கு அவர்கள் திருத்தம் சொன்னால் எதில் உட்கார்ந்து செய்வது? தினம் தினம் 'பெரியவர் நலமா' என்று கேட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் பெரியவர் பெயரை முதல் ஆளாக எழுதிக் கொடுத்திருக்கிறானே!

நடைபாதையில் அவன் எதிரே வந்தான். சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள்.

"பெரியவரை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க சார். ரொம்ப நன்றி."

"மேடம், அந்தத் தாள்ல…"

"உங்களுக்கு எல்லாம் பழசுன்னா குப்பை. அதை முதல் நாளே சொல்லிட்டீங்க, எனக்குத்தான் புத்தி இல்ல. சிரிச்சுப் பேசினதும் நம்பிட்டேன்."

"ஒரு நிமிஷம், ரெண்டாவது…"

"எனக்கு ரெண்டாவதும் வேண்டாம், மூணாவதும் வேண்டாம். உங்க வேலையை நீங்க பாருங்க, என் வேலையை நான் பார்க்கிறேன்."

அவன் கண்களிலிருந்த சிரிப்பு அணைந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ செய்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. விறுவிறுவென்று நடந்துவிட்டாள். வீட்டுக்குப் போய், சாப்பிடாமல், அண்ணி கேட்டதற்கெல்லாம் 'உம்', 'இல்ல' என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அழுதாளா என்றால்… தலையணைக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலை கொட்டுகிற மழையில் வந்து சேர்ந்தாள். முப்பத்தொன்றாம் மேசைக்குப் போனாள்.

நீல டேப் இல்லை.

டாக்கின் ஒற்றை ஒயர் மட்டும் கிடந்தது. பெரியவருக்குச் சேராத ஒயர். பக்கத்து மேசையைப் பார்த்தாள், இல்லை. ஏழாம் மேசைக்கு ஓடினாள், அங்கும் இல்லை. பன்னிரண்டு, இருபத்திரண்டு… நாற்பது மேசையையும் சுற்றி வந்துவிட்டாள். எங்கேயும் அப்படி ஒரு அடாப்டரோ, ஒயரோ இருந்த சுவடே இல்லை. பத்தரைக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். பெரிய திரை இல்லாமல் எதைக் காட்டுவது? டாக் வழியாகத்தான் அச்சு இயந்திரமும் பேசும். கடைசித் திருத்தம் போட்ட தாள் இன்னும் அச்சாகவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கழட்டிட்டுப் போயிட்டார்! நேத்து பேசினதுக்குப் பழி வாங்குறார்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வரவேற்பறையில் இருக்கும் அக்கா இதைக் கேட்டுவிட்டு ஒரு சிறிய துணிப்பையோடு வந்தாள். காலை ஏழு மணிக்கே கதவு திறக்கிறவள் அவள்தான்.

"யாரைச் சொல்றே? இந்தா, உன்கிட்ட கொடுக்கச் சொல்லி அவர்தான் கொடுத்துட்டுப் போனார். ஊருக்கு வெளியே இருக்கிற நம்ம கிளை ஆபீஸ்ல இன்னைக்கு வேலையாம். நான் ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே மழையில வந்து நின்னாரு."

பையில் அடாப்டர் இருந்தது. ஒயர் இருந்தது. இரண்டு முனையிலும் நீல டேப்.

"எல்லா மேசையிலயும் இருந்ததே அக்கா… எப்படி எல்லாத்தையும்…"

"எல்லா மேசையிலயுமா? இருக்கிறதே இது ஒண்ணுதானே! நீ எந்த மேசை போட்டிருக்கேன்னு பார்த்து, தினம் காலையில ஏழே காலுக்கு வந்து மாட்டிட்டுப் போவார். சாயங்காலம் நீ கிளம்பினதும் கழட்டுவார். நேத்து நீ மேசையே போடலையாமே? எங்க மாட்டுறதுன்னு தெரியாம இங்கேயே அரை மணி நேரம் நின்னாரு பாவம். அப்புறம்தான் என்கிட்ட கொடுத்துட்டுப் போனாரு."

நேற்று அழுத அழுகையில் மேசை பதிவு செய்ய மறந்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

பதினான்கு காலைகள். பதினான்கு முறை யாரோ ஒருவர் மேசைக்கு அடியில் குனிந்து, ஒயரைச் சுற்றி, டேப்பைச் சரி செய்து, முனையை அவள் இடது கைப்பக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் மணி ஒன்பதே முக்கால்.

அடாப்டரைச் செருகினாள். கீபோர்டு வந்தது. படத்துக்கான ஒயரைச் செருகினாள். சார்ஜரைச் செருகினாள். திரை கறுப்பு. எடுத்து மறுபடி செருகினாள். கறுப்பு. ஒயரை ஊதிக்கூடப் பார்த்தாள்.

ஃபோனை எடுத்தாள். வைத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? மறுபடி எடுத்தாள். எட்டு மாத உழைப்பு பெரிதா, தன் வீம்பு பெரிதா? அழைத்தேவிட்டாள்.

"சொல்லுங்க மேடம்." அந்தப் பக்கம் மழைச் சத்தம். பேருந்துச் சத்தம்.

"நான்… நேத்து… மன்னிச்சுடு…"

"மன்னிப்பு அப்புறம். முதல்ல படம் வந்துச்சா?"

"வரல."

"மூணும் செருகிட்டீங்களா? சரி. திரை இன்னும் டாக் கிட்டேர்ந்துதான் படம் வரும்னு காத்துக்கிட்டு இருக்கு. ஆனா பெரியவர் வேற வாசல் வழியா வந்து நிக்கிறார். எந்த வாசலைத் திறக்கணும்னு நாமதான் அதுக்குச் சொல்லணும். திரைக்குப் பின்னாடி வலது ஓரம், அடியில கையை விடுங்க. எட்டிப் பார்க்காதீங்க, பார்த்தாலும் தெரியாது. விரலால தடவிப் பாருங்க."

"அது என் தொழில் சார்," என்றாள் அவள் அழுகைக்கு நடுவே.

"அதான் எனக்குப் பயமே இல்ல. வரிசையா நாலு பட்டன் இருக்கும். ஒண்ணுல மட்டும் சின்னதா ஒரு புடைப்பு…"

"இருக்கு! மூணாவதுல."

"ரெண்டு தடவை அழுத்துங்க."

அழுத்தினாள். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. ஐந்து மாடியும் வந்து நின்றது. "வந்துடுச்சு!" என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு ஃபோனிலும் ஒரே மழைதான் கேட்டது.

"போய் ஜெயிச்சுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

மருத்துவமனையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இருவர் திரையைப் பார்த்தார்கள். மூன்றாமவர் பார்வையில்லாத ஒரு ஆசிரியை. அவர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. அச்சாகி வந்த சூடான தாளில் விரலை வைத்தார். வாசல், நீண்ட கூடம், லிஃப்ட், இரண்டாம் மாடி… விரல் எங்கேயும் முட்டவில்லை. ஒரு இடத்தில் நின்று, திரும்பி, மறுபடி வாசலுக்கு வந்தது.

"எங்க அம்மாவை வேற ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்போ, கூட யாராவது வந்தாத்தான் நான் அவங்களைப் பார்க்கப் போக முடியும்," என்றார் ஆசிரியை. "இங்க நானே போயிடுவேன் போல இருக்கே."

அங்கேயே ஒப்புதல் கிடைத்தது. எல்லோரும் கை குலுக்கினார்கள். அவள் சிரித்தாள், நன்றி சொன்னாள். உள்ளே மட்டும் ஒரு இடம் நிரம்பாமலேயே இருந்தது.

எப்போது லேப்டாப்பை ஒப்படைக்க வேண்டும் என்று மேலாளரிடம் போய்க் கேட்டாள். அவர் வியப்பாகப் பார்த்தார். "நீங்க ஏன் கொடுக்கணும்? ரெண்டாவது தாளைப் படிக்கலையா?"

அறிவிப்புப் பலகைக்கு ஓடினாள். ஒரே குண்டூசியில் இரண்டு தாள்கள். மேல் தாளைத் தூக்கினாள். 'மேற்கண்டவற்றில் முதல் எண்ணுள்ள லேப்டாப் மட்டும் தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும். அதில் மட்டுமே செய்யக்கூடிய வேலை நடந்து வருகிறது. எந்த மேசையிலும் அதை இணைத்துத் தருவதற்கு நான் பொறுப்பு.' கீழே அதே கையெழுத்து.

ரெண்டாவது… ரெண்டாவது… என்று அவன் சொல்ல வந்தது இதைத்தான்! அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஏழு மணிக்கு அக்கா கதவைத் திறந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். அக்கா ஒரு பார்வை பார்த்தாள், சாவியைச் சுற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஏழே காலுக்கு அவன் வந்தான். முதல் நாள் மழையில் அலைந்ததில் மூக்கு சிவந்திருந்தது. ஃபோனைப் பார்த்தான். அவள் பெயருக்கு நேரே முப்பத்தொன்று. மெதுவாக அந்த மேசைக்கு நடந்தான். பையை வைத்தான். அப்போது மேசையின் நடுவிலிருந்த ஓட்டை வழியாக ஒரு ஒயர்… நீல டேப் சுற்றிய ஒயர்… கீழேயிருந்து மேலே வந்தது.

அவன் அதைப் பிடித்து இழுத்தான். அது கீழே போயிற்று. மறுபடி இழுத்தான். மறுபடியும் போயிற்று.

"யாருங்க அது கீழே?" என்றான். குரலில் சிரிப்பு இருந்தது.

மேசைக்கு அடியிலிருந்து அவள் எழுந்து வந்தாள். முடியில் தூசி. கண்ணில் தண்ணீர்.

"பதினாலு நாள் நீங்க மாட்டினீங்க. இன்னைக்கு நான் மாட்டிட்டேன். மூணும்… அந்தப் பட்டனும்."

"பரவாயில்லையே. அப்போ எனக்கு வேலை போச்சு."

"விளையாடாதீங்க. ரெண்டாவது தாளைப் பார்த்துட்டேன். பத்துப் பேர் முன்னாடி அப்படிப் பேசினேன்… என்னை நாலு வார்த்தை திட்டுங்க. அப்போதான் மனசு ஆறும்."

"திட்ட வராதுங்க. பழக்கமில்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு கேட்கணும். இருக்கிறது ஒரே செட்டு. அதை முதல் நாளே என் கையில கொடுத்திருந்தா, நானே பையில வெச்சுக்கிட்டு அலைஞ்சிருப்பேனே. எதுக்கு இத்தனை கஷ்டம்?"

அவன் டாக்கைப் பார்த்தான். டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டினான்.

"கொடுக்கலாம்னுதான் கையை நீட்டினேன். அப்போ நாளைக்கு வேற மேசைன்னா என்ன பண்றதுன்னு கேட்டீங்க. கையில கொடுத்துட்டா… அப்புறம் நான் எதைச் சாக்குன்னு சொல்லி உங்க மேசைப் பக்கம் வர்றது?"

அவள் கன்னம் சிவந்தது. மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பலாம் என்றால் முப்பத்தொன்றாம் மேசைக்கு ஜன்னல் இல்லை.

"இப்போ நான் ஒண்ணு கேட்கலாமா?" என்றான் அவன். "தினம் எந்த மேசைன்னு பார்க்கிறவன் நான். வெயில்னா கிழக்கு, மழைன்னா வடக்கு… உங்களுக்கு வெளிச்சம் வேணும்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா இந்த வாரம் பூரா முப்பத்தொண்ணு. இங்க வெளிச்சமே இல்லையே. ஏன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணு மட்டும்தான் தோணுச்சு. ஆனா அதை நம்பப் பயமா இருந்துச்சு."

குட்டு உடைந்துவிட்டது! அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். அவன் பார்வையும் கூடவே போய், கணினிப் பிரிவின் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"பயப்படாம நம்புங்க," என்றாள் மெதுவாக. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நேத்து மழையில ஃபோன்ல உங்க குரல் கேட்டப்போ, படம் வராட்டியும் பரவாயில்ல, இவர் வெச்சிடக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. சொல்லிட்டேன்… இனிமே உங்க பாடு."

அவன் கண்கள் சிரிக்கத் தொடங்கின. வாய் சிரிக்க இந்த முறை அரை நிமிடமெல்லாம் ஆகவில்லை.

"எனக்கு… முதல் நாள் உங்க மூக்கு மேல ஒரு துளி நின்னுச்சே, அப்போலேர்ந்து."

"அப்போலேர்ந்தா? அன்னைக்கு நீங்க தாத்தான்னு சொன்னீங்க!"

"பெரியவரைத்தானே சொன்னேன்… உங்களையா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராக ஆட்கள் வரத் தொடங்கும் சத்தம் கேட்டது. அவன் பையை எடுத்தான், போக மனமில்லாமல் மறுபடி வைத்தான். அவள் ஃபோனை எடுத்து எதையோ பதிவு செய்துவிட்டு அவனிடம் நீட்டினாள். அடுத்த மாதம் முழுக்க, ஒரு நாள் விடாமல், முப்பத்தொன்று.

"மாசம் பூராவா? அப்போ வெளிச்சத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"வரும்," என்றாள் அவள், கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. "தினம் காலையில ஏழே காலுக்கு வரும். நீங்க லேட் பண்ணாம இருந்தா."